திருட்டு கேஸ் நிற்காது சார், ஆனால்...

கேள்வி: நான் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், காரைக்குடிப் பக்கம். ஐந்து வருடமாக டெலிகிராமில் ஒரு குழு நடத்துகிறேன். என்னிடம் இருக்கும் தமிழ் நாவல்களை ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாகப் போடுவேன். எல்லாமே காசு கொடுத்து வாங்கியவை. இப்போது குழுவில் 9,000 பேர் இருக்கிறார்கள். போன வாரம் ஓர் எழுத்தாளர், நான் மிகவும் மதிப்பவர், "நீ ஒரு திருடன், உன்மேல் திருட்டு கேஸ் கொடுக்கப் போகிறேன்" என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறார். 34 வருடம் அடுத்தவர் பணத்தை எண்ணிக் கொடுத்தவன் நான், ஒரு ரூபாய் பிசகியதில்லை. அவருடைய புத்தகம் அவரிடமே இருக்கிறது, கடையிலும் கிடைக்கிறது. நான் எதை எடுத்தேன் மேடம்? இது திருட்டா? (பி.கு: குழுவில் விளம்பரம் எதுவும் கிடையாது. ஸ்கேனர் வாங்குவதற்காக மட்டும் ஜிபே நம்பர் போட்டிருக்கிறேன். இரண்டு பக்கம் மாதிரிக்கு இணைத்துள்ளேன்.)

பதில்:

வணக்கம் சார். திருட்டு இல்லை. அந்த எழுத்தாளர் ஸ்டேஷனுக்குப் போய்த் திருட்டு என்று எழுதிக் கொடுத்தால் அந்தப் பிரிவில் வழக்கு நிற்காது. இதோடு படிப்பதை நிறுத்திவிட்டுக் காபி போட எழுந்துவிடுவீர்கள் என்ற பயத்தில் அடுத்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்தது குற்றம்தான். அதற்குப் பெயர் வேறு, சட்டம் வேறு, தண்டனையும் உண்டு. அந்தத் தண்டனை ஒரு விதத்தில் திருட்டுக்கு உள்ளதைவிடக் கடுமை.

திருட்டை முதலில் பார்த்துவிடுவோம். பழைய தண்டனைச் சட்டத்தில் 378-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்திருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் 303. எண் மாறியதே தவிர சரக்கு பழையதுதான். அசையும் பொருள் ஒன்று இருக்க வேண்டும், அது இன்னொருவர் கைவசம் இருக்க வேண்டும், அவர் சம்மதம் இல்லாமல் நேர்மையற்ற எண்ணத்தோடு அதை எடுத்துக்கொள்வதற்காக நகர்த்த வேண்டும். உங்கள் கதையில் நகர்ந்தது என்ன? உங்கள் புத்தகம் உங்கள் அலமாரியிலிருந்து உங்கள் மேஜைக்கு வந்தது, அவ்வளவுதான். அசையும் பொருள் என்பதற்குப் பழைய சட்டம் கையால் தொடக்கூடிய பொருள் என்கிற அர்த்தத்தில் ஒரு சொல் வைத்திருந்தது, புதிய சட்டத்தில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள், அதை வைத்து நாளைக்கு யாராவது வாதாடிப் பார்க்கலாம். ஆனால் கைவசம், நகர்த்துவது இரண்டும் அப்படியே இருக்கிற வரை வாதம் ரொம்ப தூரம் போகாது என்பது என் எண்ணம். ஒரு விஷயம் மட்டும் கவனத்தில் வையுங்கள். அடுத்தவருடைய கையெழுத்துப் பிரதியை ரகசியமாக எடுத்துப்போய் ஜெராக்ஸ் போட்டுவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தால் அது திருட்டாகலாம், ஆவணத்தைக் கொஞ்ச நேரத்துக்கு எடுத்துப் போனாலும் போதும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் ஒரு கம்பெனித் தகராறில் சொல்லியிருக்கிறது. அங்கேயும் பிடிபடுவது தாள்தான். நீங்கள் கடையில் பில் போட்டு வாங்கிய தாளுக்கு அது பொருந்தாது.

இதைவிட நல்ல உதாரணம் நம் தெருக் கம்பத்திலேயே இருக்கிறது. கொக்கி போட்டுக் கரண்ட் எடுப்பதை எல்லோரும் திருட்டு என்றுதான் சொல்வோம். ஆனால் தண்டனைச் சட்டத்தின் பார்வையில் மின்சாரம் அசையும் பொருள் இல்லை. அதனால் 1910-ம் வருட மின்சாரச் சட்டத்தில் 'இதையும் திருட்டாகவே கருத வேண்டும்' என்று தனியாக எழுத வேண்டியிருந்தது. 1960-களில் பஞ்சாபிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில், இது மின்சாரச் சட்டத்தால் மட்டுமே குற்றம், அந்தச் சட்டத்தில் சொல்லப்பட்டவர்கள் புகார் கொடுக்காததால் தண்டனை செல்லாது என்று ஆளை விட்டுவிட்டார்கள். இப்போதைய 2003-ம் வருடச் சட்டத்தில் 135-வது பிரிவுக்குத் தலைப்பே மின்சாரத் திருட்டுதான். இதிலிருந்து என்ன தெரிகிறது? ஒன்றைத் திருட்டு என்று ஆக்க வேண்டுமென்றால் நாடாளுமன்றத்துக்கு அது எப்படி என்று தெரியும், ஒரு வரி எழுதினால் போதும். பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது, அதற்கப்புறம் எத்தனையோ முறை திருத்தியிருக்கிறார்கள், அந்த ஒரு வரியை மட்டும் யாரும் எழுதவில்லை. அதில் இருக்கிற வார்த்தை மீறல்.

(நடுவில் ஒன்று. நிறைய பேர் இதைக் 'காப்புரிமை' என்று எழுதுகிறார்கள். பத்திரிகைகளிலும் பார்க்கிறேன். காப்புரிமை என்பது கண்டுபிடிப்புகளுக்கு வாங்குகிற பேட்டன்ட். புத்தகத்துக்கு, பாட்டுக்கு, படத்துக்குப் பதிப்புரிமை. எழுத்தாளருக்குப் பதில் போடும்போது தப்பாக எழுதிவிடாதீர்கள், அவர் ஏற்கனவே கோபத்தில் இருக்கிறார்.)

அமெரிக்காவிலும் இதே தகராறு வந்திருக்கிறது. எல்விஸ் பிரெஸ்லியின் வெளிவராத ஒலிப்பதிவுகளை எல்.பி. ரெக்கார்டாக அடித்து ஊர் ஊராக அனுப்பிய டௌலிங் என்பவர்மேல், திருட்டுப் பொருளை மாநிலம் விட்டு மாநிலம் கடத்தினார் என்று அரசாங்கம் வழக்குப் போட்டது. 1985-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. பதிப்புரிமையை மீறுகிறவர் உரிமையாளரின் பொருளைக் கையில் எடுத்துக்கொள்வதில்லை, அவரிடமிருந்து அதைப் பறித்துவிடுவதும் இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆனால் பதிப்புரிமையை மீறியதற்காக அதே ஆளுக்குக் கிடைத்த தண்டனை அப்படியே இருந்தது. உங்கள் கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான பதில் என்னிடம் இல்லை.

சரி, அப்படியானால் நாம் ஏன் 'திருட்டு விசிடி' என்கிறோம்? என் ஜூனியர் இதைத்தான் கேட்டாள். தமிழில் திருட்டு என்பது பல இடங்களில் களவைக் குறிப்பதே இல்லை சார். திருட்டு ரயில் ஏறி மெட்ராஸ் வந்தவர் ரயிலைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. மொட்டை மாடியில் திருட்டு தம் அடிக்கிற பையன் சிகரெட்டைக் காசு கொடுத்துத்தான் வாங்கியிருப்பான். திருட்டுக் கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் சம்மதித்துத்தான் தாலி கட்டிக்கொள்கிறார்கள். கள்ள நோட்டும் அப்படித்தான், அது யார் பையிலிருந்தும் உருவியது இல்லை. அனுமதி இல்லாமல், கண்ணில் படாமல் செய்வதெல்லாம் நமக்குத் திருட்டு. அந்தப் பேச்சு வழக்கில் உங்கள் குழு திருட்டுக் குழுதான். எழுத்தாளர் அந்த அர்த்தத்தில் சொல்லியிருந்தால் நான் ஒன்றும் சொல்ல முடியாது. கேஸ் என்று சொன்னதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

இந்தச் சொல்லால் எழுத்தாளர்களுக்கும் பதிப்பாளர்களுக்குமே நஷ்டம் என்பது என் அனுபவம். சில வருடம் முன்பு ஒரு சின்னப் பதிப்பாளர் என் ஆபீசுக்கு இரண்டு புத்தகங்களோடு வந்தார். இரண்டும் ஒரே நாவல், ஒன்று அவர் அச்சடித்தது, இன்னொன்று நடைபாதைக் கடையில் வாங்கியது. மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அட்டைச் சிவப்பு மட்டும் ஒன்றில் கொஞ்சம் வெளுத்திருந்தது. மற்றபடி எழுத்துப் பிழை உட்பட எல்லாம் ஒன்று, அவருடைய முகவரியும் போன் நம்பரும்கூட அப்படியே. விஷயம் அவருக்குத் தெரிய வந்த விதம்தான் வேடிக்கை. ஒரு வாசகர் போன் செய்து, "சார், 96-க்கு அப்புறம் 113 வருது" என்றிருக்கிறார். ஒரு ஃபாரம், அதாவது ஒன்றாக மடித்துச் சேர்க்கிற 16 பக்கம், முழுசாக விட்டுப்போயிருக்கிறது. பைண்டிங்கில் தவறு என்று நினைத்து இவரே 16 பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து, கூரியர் செலவும் போட்டு அனுப்பியிருக்கிறார். அடுத்த வாரம் இன்னொருவர், அவருக்கும் அனுப்பியிருக்கிறார். மூன்றாவது போன் வந்தபோதுதான் சந்தேகம் தட்டியிருக்கிறது.

என்னிடம் வருவதற்கு முன்னால் அவரே ஒரு புகார் எழுதி ஸ்டேஷனில் கொடுத்திருந்தார். 'எனது புத்தகங்கள் திருடப்பட்டுள்ளன' என்று முதல் வரி. எஸ்.ஐ. படித்துவிட்டு நியாயமான ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: "எத்தனை புக்கு காணோம்?" இவர், "ஒண்ணும் காணோம்னு இல்லைங்க" என்றிருக்கிறார். அப்புறம் என்ன, கிளம்புங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். என் எதிரில் உட்கார்ந்து அவர் சொன்ன வாக்கியம் இன்னும் நினைவிருக்கிறது. "குடோனில் ஒரு காப்பிகூடக் குறையலை மேடம், அதுதான் என் பிரச்சினையே."

அதேதான் உங்கள் எழுத்தாளரின் பிரச்சினையும். அவர் புத்தகம் அவரிடமே இருக்கிறது, கடையிலும் இருக்கிறது என்று தைரியமாக எழுதியிருக்கிறீர்களே, அங்கேயே இருப்பதுதான் சார் அவருக்குக் கவலை. திருட்டு என்று சொன்ன உடனே உங்களுக்கு ஒரு சுலபமான பதில் கிடைத்துவிடுகிறது: உன் பொருள் உன்னிடம்தானே இருக்கிறது, நான் எதை எடுத்தேன்? எடுத்தது என்ன என்று நான் சொல்கிறேன். ஒரு நாவலுக்கு உரிமை என்பது அதைப் பிரதி எடுக்க, எடுத்த பிரதியை வெளியே விட, மின்வடிவில் சேமிக்க, பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்ய யாருக்கு அனுமதி என்று தீர்மானிக்கிற உரிமை. பதிப்புரிமைச் சட்டம் 14-வது பிரிவில் இதைத்தான் ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் 250 ரூபாய் கொடுத்து வாங்கியது அந்த ஒரு பிரதியை. அதை இரவல் கொடுக்கலாம், பாதி விலைக்கு விற்கலாம், எடைக்குப் போடலாம், யாரும் கேட்க முடியாது. இரண்டாவது பிரதி செய்து 9,000 பேருக்குக் கொடுப்பதா வேண்டாமா என்கிற முடிவு அந்த 250-க்குள் வரவில்லை. அந்த முடிவை அவரைக் கேட்காமல் நீங்கள் எடுத்தீர்கள்.

பணக் கணக்கும் பார்த்துவிடலாம், நீங்கள் வங்கிக்காரர். 250 ரூபாய் புத்தகத்துக்குப் பத்து சதவீத ராயல்டி என்று வைத்தால் எழுத்தாளருக்கு ஒரு பிரதிக்கு 25 ரூபாய். ஆயிரம் பிரதி விற்றால் 25,000, அதற்கே சில வருடம் ஆகலாம். உங்கள் குழுவில் இறக்கியவர்கள் எல்லோரும் வாங்கியிருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை, எந்த நீதிபதியும் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார், பாதிப் பேர் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் நூற்றில் இரண்டு பேர் வாங்கியிருப்பார்கள் என்று வைத்தாலும் 180 பிரதி. தமிழ் நாவலுக்கு 180 பிரதி எவ்வளவு என்று ஏதாவது ஒரு பதிப்பாளரைக் கேளுங்கள்.

மறுபக்கமும் ஒன்று இருக்கிறது, எழுத்தாளர்களுக்குப் பிடிக்காது. பதிப்புரிமை பாட்டி கழுத்துச் சங்கிலி மாதிரியான சொத்து கிடையாது. சங்கிலியை 60 வருடம் கழித்து எடுத்தாலும் திருட்டுதான். நாவல் அப்படியில்லை, எழுதியவர் இறந்த வருடம் முடிந்ததிலிருந்து 60 வருடம், அப்புறம் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடைமேல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் போன்ற பெரிய பதிப்பகங்கள் 2012-ல் வழக்குப் போட்டபோது, 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் இது கடவுள் கொடுத்த உரிமையும் இல்லை, இயற்கையாக வந்ததும் இல்லை என்கிற பொருளில் எழுதி வழக்கைத் தள்ளுபடி செய்தது. பாடம் நடத்துவதற்காக எடுத்த நகல் என்பது அங்கே காப்பாற்றியது. நாவல் குழு வைத்திருக்கும் உங்களை அது காப்பாற்றாது, ஆசைப்படாதீர்கள். தனக்காகப் படிக்க எடுத்துக்கொள்கிற நகலுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவில் இடமிருக்கிறது, ஆனால் 9,000 பேரை 'தனக்காக' என்று எந்த மொழியிலும் சொல்ல முடியாது.

இப்போது தண்டனை. அதே சட்டத்தில் 63-வது பிரிவு. தெரிந்தே மீறினால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று வருடம் சிறை, கூடவே 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். பக்கத்திலேயே திருட்டை வைத்துப் பாருங்கள். சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் அதே மூன்று வருடம், குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை, வெறும் அபராதத்தோடும் விடலாம். புதிய சட்டத்தில் இன்னொரு சலுகையும் வந்திருக்கிறது, 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளாக இருந்து, முதல் முறையாகத் தண்டிக்கப்படுகிறவர் பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவை மட்டும்தான். அதாவது சார், அந்த நாவலை நீங்கள் கடையில் சட்டைக்குள் ஒளித்து எடுத்து வந்து மாட்டியிருந்தால் பூங்காவைப் பெருக்கிவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். முறையாகப் பில் போட்டு வாங்கி ஸ்கேன் செய்ததால் ஆறு மாதத்தில் ஆரம்பிக்கிறது! அந்த எழுத்தாளர் திருட்டு கேஸ் என்று மிரட்டியது உங்களுக்குச் செய்த உபகாரம். (சினிமாக்காரர்களை நினைத்தால் இதுகூடப் பரவாயில்லை. திருட்டு விசிடிக்காரர்களை 2004-ல் தமிழ்நாட்டில் குண்டர் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தார்கள்.)

ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால், தீர்ப்பில் காரணம் எழுதிவிட்டு ஆறு மாதத்துக்கும் கீழே தண்டனை கொடுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. உங்களுக்கு இருக்கிற ஒரே பலம் இதுதான். இப்போது உங்கள் பி.கு-வுக்கு வருவோம். ஸ்கேனர் வாங்க ஒரு ஜிபே நம்பர் மட்டும் போட்டிருக்கிறேன் என்கிறீர்கள். கடிதத்திலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்ட வரி அதுதான். எதிர்த்தரப்பு வக்கீல் நானாக இருந்தால் டெலிகிராமை அப்புறம்தான் பார்ப்பேன், முதலில் உங்கள் பாங்க் ஸ்டேட்மென்ட்டைக் கேட்பேன். வந்தது 3,000 ரூபாயாக இருந்தாலும் 'லாப நோக்கம்' என்று பேச அது போதும். இதைப் படித்து முடிப்பதற்குள் எடுத்துவிடுங்கள். ஏற்கனவே வந்த பணத்துக்கு யார், எவ்வளவு, எதற்குச் செலவு என்று ஒரு கணக்கு எழுதி வையுங்கள். அது உங்களுக்குக் கைவந்த வேலை.

போலீஸ் பற்றிப் பயம் இருக்கும். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் 63-வது பிரிவு வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத வகைக் குற்றம் என்று சொல்லிவிட்டது. ஆனால் ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்தவுடன் கைது செய்யக் கூடாது, நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும் என்ற 2014-ம் வருடத் தீர்ப்பும் இருக்கிறது. எனவே நாளைக் காலை கதவு தட்டப்படும் என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டாம். நோட்டீஸ் வந்தால் மட்டும் ஒரு வக்கீலோடு போங்கள். புனைபெயரில்தான் குழு நடத்துகிறேன், என்னை யாருக்குத் தெரியும் என்றும் இருந்துவிடாதீர்கள். போட்டித் தேர்வுக்குப் பாடம் எடுக்கிற டெல்லி ஆசிரியை ஒருவர் தன் பாடங்களைப் பகிர்ந்த குழுக்கள்மேல் வழக்குப் போட்டு, 2022-ல் டெலிகிராமிடமிருந்தே அட்மின்களின் பெயர், போன் நம்பர், ஐபி முகவரி எல்லாம் நீதிமன்றம் வழியாக வாங்கினார்.

செய்ய வேண்டியது இதுதான். அவருடைய புத்தகங்களை இன்றே குழுவிலிருந்து நீக்குங்கள். உயிரோடு இருக்கும் மற்றவர்களுடையதையும், இறந்து 60 வருடம் ஆகாதவர்களுடையதையும் அதோடு சேர்த்து நீக்குங்கள், இன்னொரு மெசேஜ் வரும் வரை காத்திருக்க வேண்டாம். நீக்குவதற்கு முன்னால் என்ன இருந்தது, எப்போது நீக்கினீர்கள் என்பதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மெசேஜ் வந்த பிறகும் வைத்திருந்தீர்கள் என்பதுதான் வழக்கில் உங்களுக்கு எதிராக முதலில் எடுத்து நீட்டப்படும். புத்தகம் இப்போது அச்சில் இல்லை, அழிந்து போகிறதே என்று சொல்வீர்கள். உண்மைதான், எனக்கும் அந்த வருத்தம் உண்டு, ஆனால் அச்சில் இல்லாதது அனுமதி ஆகாது. வாரிசு யார் என்று தேடி ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள், சந்தோஷமாகச் சரி என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எழுத்தாளருக்குப் பதில் எழுதும்போது 'நான் திருடன் இல்லை' என்று ஆரம்பிக்காதீர்கள், என் பதிலை வெட்டி ஒட்டி அனுப்பவும் வேண்டாம். எடுத்துவிட்டேன், கேட்காமல் போட்டது தவறு, இனி நடக்காது. மூன்று வரி போதும். மதிப்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள், அதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டப்படி அதற்கு ஒரு பிரயோசனமும் இல்லை, ஆனாலும் எழுதுங்கள்.

குழுவை மூட வேண்டியதில்லை. பாரதியாரின் எழுத்துகளின் உரிமையை 1949-லேயே அரசு வாங்கியது, பின்னர் ஊருக்குப் பொதுவாக்கியது, அதற்குப் பிறகு எத்தனையோ பேருடைய நூல்களை வாரிசுகளுக்குப் பணம் கொடுத்து நாட்டுடைமை ஆக்கியிருக்கிறார்கள். கல்கி 1954-ல் இறந்தார், 60 வருடக் கணக்குப்படி பார்த்தாலும் 2014-ன் முடிவோடு சரி. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் நாட்டுடைமை நூல்கள் இருக்கின்றன, மதுரைத் திட்டத்துக்காரர்கள் 1998-லிருந்து தன்னார்வமாகத் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் போடுகிறார்கள், அவர்களுக்குப் பிழை பார்க்கவே ஆள் வேண்டியிருக்கும். 34 வருடம் கணக்கில் பிழை பார்த்த கண் உங்களுடையது. ஸ்கேன்தான் செய்வேன் என்றால் இந்த நூல்களையே செய்யுங்கள், ஆனால் புத்தகத்தைக் கொஞ்சம் நேராகப் பிடியுங்கள் சார், நீங்கள் மாதிரிக்கு அனுப்பிய இரண்டு பக்கத்திலும் இடது ஓரத்து வரிகளை உங்கள் கட்டைவிரல் மறைக்கிறது.